நாலாவது கையெழுத்து

அத்தியாயம் 17

பெரியநாயகி ஊருக்குக் கொடுத்த வாக்கு உங்களுக்கு நினைவிருக்கும்.

"அறுவடை முடியிற வரைக்கும் ஒரு வண்டியும் நம்ம கழனியில எறங்காது. நாலு துறை அதிகாரியும் என் முன்னாடி உட்காந்துகினு ஒத்துக்கினாங்க. இனிமே ராவும் பகலுமா காவல் காக்க வேணாம். டிராக்டரை எடுத்துகினு அவங்கவங்க வூட்டுக்குப் போங்க."

பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஆலடிக்குப்பத்து மாரியம்மன் கோயில் வாசலில் நின்று அவள் சொன்னது இது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சுரங்கம் விரிவதைப் பற்றிப் பேச நான்கு துறைகள் சேர்ந்து வைத்த கூட்டு ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கென்று ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவள் அவள். நிலக்கரி, வருவாய், வேளாண்மை, நீர்வளம் என்று நால்வரும் ஒரே மேசையில் கூடி, கதிர் அறுக்கும்வரை பொறுப்பது என்று முடிவெடுத்ததைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் வந்து சொன்னாள்.

பத்துப் பேர் முன்னால் சொன்னால் அது சொன்னதுதான். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் அப்படித்தான் வழக்கம்.

அந்த நம்பிக்கையில், வாய்க்கால் பாலத்தை இருபத்திரண்டு நாட்கள் மறித்துக்கொண்டு நின்ற டிராக்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கம்மாபுரத்துப் பக்கம் சாலை திறந்துவிட்டது என்ற செய்தி, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிற்று.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அதே பாலத்தின் மேல் மூன்று பொக்லைன்கள் வந்தன. பின்னால் இரண்டு போலீஸ் வேன்.

* * *

பெரியநாயகியின் கணவர் ராஜேந்திரன் அப்போது வரப்பில் குந்தி எலிக்கிட்டி வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவருக்கு முதலில் விளங்கவில்லை. வேறு எங்கோ போகிற வண்டிகள் வழி தவறி வந்துவிட்டன என்றே நினைத்தார்.

முதல் பொக்லைன் இறங்கியது செல்வகுமாரின் வயலில். ராஜேந்திரனின் வயலுக்குப் பக்கத்து வயல். இரண்டு குடும்பமும் ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். பால் பிடித்திருந்த கதிர்களை அந்த இரும்புச் சங்கிலி மிதித்துக்கொண்டே போயிற்று. பின்னால் சேறும் நெல்லும் பிரிக்க முடியாமல் கிடந்தன.

"உத்தரவு இருக்குதுய்யா. யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

செல்வகுமார் மண்வெட்டியோடு ஓடி வந்தான். பொக்லைனை நோக்கித்தான் ஓடினான். நடுவில் ஐந்து போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவன் நின்று, திரும்பி, ராஜேந்திரனைப் பார்த்தான்.

"எங்கய்யா உன் பொண்டாட்டி?"

"நெய்வேலியில கூட்டத்துக்குப் போயிருக்கா செல்வம். இரு, போன் போடறேன்."

"அவ சொன்னாளேன்னுதான்யா டிராக்டரை எடுத்தேன்! குடும்பமே சேந்துகினு வழி தொறந்து வுட்டுட்டீங்களா?"

"செல்வம், நான் சொல்றதக் கேளு…"

கேட்கவில்லை. மண்வெட்டிக் காம்பு இறங்கியது. ராஜேந்திரன் கையைத் தூக்கித் தடுத்தார். முன்கை எலும்பு முறிந்த சத்தம், அத்தனை இயந்திர இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடி பின்மண்டையில். அவர் சேற்றில் குப்புற விழுந்தார். பொக்லைன்களைச் சுற்றி நின்ற போலீஸ் நகரவில்லை.

மகன் மணிமாறன் நைட் ஷிப்ட் முடித்து வந்து வீட்டில் படுத்திருந்தவன். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு வருடமாக பெர்மனென்ட் ஆவதற்குக் காத்திருக்கிறான். கூச்சல் கேட்டு வெறுங்காலோடு ஓடி வந்தவன் கண்டது, சேற்றில் கிடந்த அப்பாவையும் மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையையும்தான்.

பின்னாலிருந்து செல்வகுமாரைக் கட்டிப் பிடித்து இழுத்தான். இருவரும் நெல்லில் புரண்டார்கள். செல்வகுமாரின் முழங்கை மணிமாறனின் மூக்கை உடைத்தது. மணிமாறனின் கைக்கு மண்வெட்டி வந்தது.

முதல் அடி தோளில். இரண்டாவது அடி காதுக்கு மேல். செல்வகுமார் அப்போதே சரிந்துவிட்டான். மூன்றாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் மணிமாறன் அடித்தான்.

அதற்குப் பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தான். சின்ன வயதில் தன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போன செல்வம் மாமா காலடியில் கிடந்தார். மண்வெட்டியைத் தூர எறிந்தான்.

செல்வகுமாரின் மனைவி மலர்கொடி வந்து புருஷன் மேல் விழுந்தாள். ஊரே வரப்பில் கூடிவிட்டது. கல் பறந்தது. வேனின் கண்ணாடி நொறுங்கியது. லத்திகள் இறங்கின. முதுகு, முட்டி, தலை என்று பார்க்கவில்லை. பொக்லைன்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

* * *

நெய்வேலி நகரியத்தில் அது வேறு காலை. மழையில் கழுவிய சாலை, வரிசையாக மரங்கள், முதல் ஷிப்ட் பஸ் போய்விட்ட அமைதி. பழைய பயிற்சிக் கூடத்தின் முதல் மாடியில் கூட்டு ஆலோசனைக் குழு பத்து மணிக்குக் கூடியது.

கதவோரம் சின்ன மேசையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தவள் சத்யா. மணிமாறனின் அக்கா. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற ஒப்பந்தத் தட்டச்சர். குழு பேசுவதையெல்லாம் குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. உறுப்பினரான அம்மாவை இந்த அறைக்குள் அவள் அம்மா என்று கூப்பிடுவதில்லை. இங்கே பேசுவதை வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ஒன்று தெரியும். குழு எடுத்த முடிவு, அடுத்த கூட்டத்தில் அதன் குறிப்பை நான்கு துறையும் கையெழுத்திட்டு உறுதி செய்தால்தான் முடிவு. அதுவரை வெறும் பேச்சு. "டிராக்டரை எடுக்கச் சொல்லிட்டேன்டி" என்று அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னபோது அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டாள். பன்னிரண்டு நாள்தானே, ஒன்றும் நடந்துவிடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பொருள் ஒண்ணுங்க. போன கூட்டத்துக் குறிப்பை உறுதி செய்யறது," என்றார் தலைமை வகித்த மருதாசலம். நிலக்கரித் துறையின் சார்பில் வந்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம். அவர் கையெழுத்திட்டார். நீர்வளத் துறைப் பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்திட்டார்.

தாள் வருவாய்த் துறை கருணாகரனிடம் போனபோது அவர் செல்போன் அதிர்ந்தது. "எறங்கிடுச்சா? மூணுமா? சரி, பாத்துக்குங்க," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

"எங்க சார் எறங்கிடுச்சு?" என்றாள் பெரியநாயகி.

"ஆலடிக்குப்பத்துலம்மா. உத்தரவு முன்னமே போட்டதுதானே."

"அறுவடை வரைக்கும் எறங்காதுன்னு இதே மேசையில சொன்னீங்களே சார்!"

"சொன்னோம். இல்லேங்கலை. ஆனா குறிப்பு இன்னும் உறுதியாகலையே. நாலு கையெழுத்தும் விழுந்த மறுநிமிஷம் நானே போன் பண்ணி நிறுத்தறேன். அதுவரைக்கும் என் ஃபைல்ல இருக்கிறது பழைய உத்தரவு. நான் என்ன பண்ண முடியும்?"

பெரியநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவள் ஊருக்குக் கொடுத்தது வாக்கே இல்லை.

"அப்ப அந்த நாலாவது கையெழுத்தைப் போடுங்க. இப்பவே போடுங்க."

எல்லோரும் வேளாண்மைத் துறை நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் இருந்தவள் ஹரிணி. இருபத்தாறு வயது. பெரிய அதிகாரி வரவில்லை என்று அனுப்பப்பட்டவள்.

"எங்க சார் என்னைக் கலந்துக்கத்தான் சொன்னாங்க," என்றாள். "கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கான்னு தெரியலை. கேட்டுட்டு…"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே நான்கு பூசாரிகள். ஒருவர் லீவு.

"குடும்மா, நான் போடறேன்," என்று கையை நீட்டினாள் பெரியநாயகி.

மருதாசலம் தலை குனிந்தார். "ஏனுங்கம்மா, உங்க கையெழுத்து வருகைப் பதிவேட்டுக்கு மட்டுந்தானுங்க. முடிவுல அது கணக்காகாதுங்க."

ஏழு கூட்டம் வந்திருக்கிறாள் பெரியநாயகி. ஏழு முறையும் அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியிருக்கிறாள். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அவள் செல்போன் அடித்தது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். இப்போதும் அப்படியே மேசைமேல் வைத்து அமுக்கினாள்.

"அம்மா!" மணிமாறனின் குரல் அறை முழுவதும் கேட்டது. "அப்பாவ அடிச்சிட்டாங்கம்மா. கை ஒடஞ்சி போச்சு. தலையில ரத்தமா வருது. 108-க்குச் சொல்லிட்டோம், வந்துகினு இருக்கு."

"யாருடா? போலீசா?"

"செல்வம் மாமா."

பெரியநாயகி போனின் மேல் குனிந்தாள்.

"நானும் மாமாவ அடிச்சிட்டேம்மா. கண்ண தொறக்க மாட்டேங்குறாரு. வண்டி இன்னும் ஓடிகினே இருக்கு. நம்ம வயலுக்கு வந்திடுச்சு."

அவன் குரலுக்குப் பின்னால் இயந்திரம் உறுமியது. அதையும் மீறி மலர்கொடியின் குரல் வந்தது. "பெரியநாயகீ! உன் வாயால கெட்டமேடி!"

கணவனிடம் ஓட வேண்டும் என்று கால் துடித்தது. எழுந்தும் விட்டாள். ஆனால் அந்தத் தாளில் நாலாவது இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஹரிணி பையை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான் வெளிய போய் எங்க சாருக்குப் போன் பண்ணிட்டு வந்துடறேன்."

சத்யா எத்தனையோ கூட்டம் பார்த்தவள். போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அன்றைய குறிப்பில் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி எழுதி அவள் விரலுக்கே மனப்பாடம்.

அவள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஏய், என்னம்மா பண்றே?" என்று கருணாகரன் எழுந்தார்.

"இங்கயே பேசட்டும் சார்."

"கதவைத் திற! செக்யூரிட்டி!"

பெரியநாயகியின் முன்னால் ஒரு கனமான மரப்பலகை இருந்தது. 'விவசாயிகள் பிரதிநிதி' என்று எழுதியது. அதை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் ஓங்கி அடித்தாள். மேசைக் கண்ணாடி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்தது. மறுபடி அடித்தாள். சில்லு தெறித்து அவள் உள்ளங்கையைக் கிழித்தது. தண்ணீர் டம்ளர்கள் உருண்டன. நீர்வளத் துறைப் பெரியவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

"அங்க என் புருஷன் மண்டை ஒடஞ்சி கெடக்கறான்! நீங்க கேட்டுச் சொல்றீங்களா? யாருகிட்டடா கேக்கணும்? யாருகிட்ட?"

கருணாகரன் கதவை நோக்கிப் பாய்ந்தார். அவள் பலகையை அவரைப் பார்த்து வீசினாள். "பொறுங்கம்மா, பொறுங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தவர் மருதாசலம். பலகையின் கூர்முனை அவர் புருவத்தில் பட்டது. சட்டையெல்லாம் ரத்தம். அந்த அறையில் அவள்மேல் இரக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

பெரியநாயகி தன் கையையே பார்த்தாள். "ஐயோ, உங்களயில்ல சார்," என்றாள்.

எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஹரிணி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனில் பேசினாள். மறுமுனைக் குரல் சத்யாவுக்கே கேட்டது. "அவசரப்படாதம்மா. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்."

ஹரிணி போனை வைத்தாள். பிறகு பெரியநாயகியைக் கேட்டாள்.

"பால் பிடிச்சிருச்சாங்க?"

"பால் புடிச்சி நாலு நாளாச்சும்மா."

"இன்னும் எத்தனை நாள் வேணும்?"

"இருவத்தஞ்சி நாளு. அதுக்கு மேல ஒரு நாளும் கேக்கல."

ஹரிணி கண்ணாடிச் சில்லுகளை ஒதுக்கிவிட்டுத் தாளை இழுத்தாள். 'வேளாண்மைத் துறைக்காக' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நான் பயந்துகிட்டுப் போடலை," என்று சத்யாவைப் பார்த்துச் சொன்னாள். "அதையும் எழுதிக்குங்க."

கருணாகரன் நாலு கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தார். சொன்ன சொல் தவறவில்லை. எண்ணை அமுக்கினார். "நிறுத்துங்க. ஆமா, எல்லா வண்டியையும். என் பொறுப்பு."

பெரியநாயகியின் செல்போன் இன்னும் மேசையில் திறந்தே இருந்தது. அதில் ஒரு இயந்திரம் அடங்கியது. சிறிது பொறுத்து இன்னொன்று. கடைசியாக மூன்றாவது. அதற்குப் பிறகு மலர்கொடியின் அழுகை மட்டும் கேட்டது.

"நிறுத்திட்டாங்கம்மா," என்றான் மணிமாறன். "ஆறு ஏக்கர் போச்சு. பாக்கி இருவத்தாறு நிக்குது. 108 வந்திடுச்சு." போன் துண்டிக்கப்பட்டது.

பெரியநாயகி கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

* * *

மருதாசலம் கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"சத்யா, இன்னைக்குக் குறிப்பை எழுதுங்க."

"எதுவரைக்கும் சார்?"

"அதைத்தான் யோசிக்கறனுங்க. கதவைத் தாழ்ப்பாள் போட்டதை எழுதினா, இந்தக் கையெழுத்து மிரட்டி வாங்கினதுன்னு ஆயிரும். நாளைக்கே செல்லாதுன்னுருவாங்க. பொக்லைன் திரும்ப எறங்கும். எழுதலைன்னா…" கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். "நான் மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். ஆனா இவரு சும்மா இருக்க மாட்டாருங்க."

சும்மா இருக்கப்போவதில்லை என்பது கருணாகரனின் முகத்தில் தெரிந்தது.

"நடந்தத எழுதுடி," என்றாள் பெரியநாயகி. அந்த அறையில் மகளை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எழுதாத பேச்ச நம்பிதான் இன்னிக்கி ஊரு சாவுது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு என்னவோ தோன்றியது. மெல்ல எழுந்து மகளின் மேசைக்கு வந்தாள்.

"போன தடவயும் நீதான எழுதின?"

"ஆமாம்மா."

"கையெழுத்து வுழுவுற வரைக்கும் அது செல்லாதுன்னு அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

சத்யா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"டிராக்டரை எடுக்கச் சொல்லிட்டேன்னு நான் போன்ல சொன்னப்ப, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா."

பெரியநாயகி அறைந்தாள். கிழிந்த உள்ளங்கையால் அறைந்ததில் சத்யாவின் கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தது. சத்யா துடைக்கவில்லை. கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்தாள். 'பத்து முப்பத்தைந்துக்குக் கதவைத் தாழிட்டவர்: தட்டச்சர் சத்யா. உறுப்பினர் எவருக்கும் இதில் தொடர்பில்லை.'

கதவு தட்டப்பட்டது.

தான் கத்திக் கூப்பிட்ட செக்யூரிட்டிதான் வந்துவிட்டது என்று கருணாகரன் நினைத்தார். சத்யா போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே ஒரு பெண் எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் நின்றார்கள். எஸ்.ஐ. உடைந்த மேசையைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"மணிமாறனோட அம்மா யாருங்க?"

"நான்தாம்மா," என்று ரத்தக் கையை உயர்த்தினாள் பெரியநாயகி.

"செல்வகுமார்னு ஒருத்தரு… ஆம்புலன்ஸ்ல போகும்போதே உயிர் போயிடுச்சு. உங்க வீட்டுக்காரருக்கு ஆபத்தில்லை. உங்க பையனைத்தான் காணோம். களத்துலேர்ந்து ஓடிட்டான்."

பெரியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு ஏக்கர் நிற்கிறது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அழுதவள் அவள்தான்.

எஸ்.ஐ. சத்யாவின் பக்கம் திரும்பினார். "நீங்க அவனோட அக்காதானே? உங்களுக்கு ஏதாவது போன் பண்ணானா?"

கீபோர்டின் பக்கத்தில் சத்யாவின் செல்போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'மணி' என்று பெயர் தெரிந்தது.

சத்யா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இல்லீங்க," என்றாள்.

பெரியநாயகி அதைப் பார்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக இப்போதுதான் மகளை அறைந்தவள், தானும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.